மூக்குவரை மரம்

குழல்வாய் வரைக்கும் மரம் ஓடும் வேட்டை ரைஃபிளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அதை உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. குட்டையானது, ஒல்லியானது, தோளுக்குத் தூக்கினால் தானாகவே குறிக்கு வந்து நிற்கும். ஆஸ்திரியாவிலும் நான் இருக்கும் தென் பவேரியாவிலும் இதை ஸ்டுட்சன் என்பார்கள்; அமெரிக்காவில் மான்லிக்கர் ஸ்டாக். ஆனால் சுடுதளத்தில் இதை எடுத்து மேசைமேல் வைத்தால் பக்கத்து மேசைக்காரர் கட்டாயம் ஒரு வார்த்தை சொல்வார்: "இதெல்லாம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டை (குழலைத் தாங்கும் மரம்) குழல்வாய் வரை நீளும் இந்த முழுக்கட்டை ரைஃபிள்கள் குறி நகர்வதில் பெயர் போனவை. என்னுடையதும் அப்படித்தான் நடந்துகொண்டது. 6.5×55 தோட்டா, 52 செ.மீ. குழல், வால்நட் கட்டை, கட்டையின் முனையில் ஓர் இரும்புப் பூண். ஜூலையில் 100 மீட்டரில் முதல் மூன்று குண்டுகள் 4 செ.மீ.க்குள் விழும். நான்காவது வலப்பக்கம் மேலே ஏறும், ஐந்தாவது இன்னும் ஏறும். நவம்பரில், வாரக்கணக்கில் மூடுபனி நின்ற பிறகு, முதல் குண்டே அந்த வலப்பக்க மேல்மூலைக்குப் போய்விடும். தயாரித்தவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் குறை அந்தத் தொழிற்சாலையுடையது என்பதைவிட இந்த வடிவத்துடையது.

இதைச் சரிசெய்ய ஆகும் வேலையில் பாதி கருவி வேலை, மீதிப் பாதி எதைச் சரி என்று சொல்கிறோம் என்பதை முடிவுசெய்வது. சின்ன குரூப் வேண்டும், அதாவது குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி விழ வேண்டும் என்று ஆரம்பித்தால் ஒரு வழி. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எல்லா மாதமும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று ஆரம்பித்தால் வேறு வழி. வேட்டைக்கு இரண்டாவதுதான் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஆஸ்திரியாவின் ஸ்டையர் நகரத்தில் செய்த 1903 மாதிரி மான்லிக்கர்-ஷோனாவர். ஃபெர்டினாண்ட் மான்லிக்கரின் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதி), ஓட்டோ ஷோனாவரின் சுழலும் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் அறை). வேட்டைக்கென்று வந்த கார்பைனின் (குட்டை ரைஃபிளின்) குழல் 18 அங்குலம்தான், ஏறக்குறைய 46 செ.மீ. தோட்டா 6.5×54, அதில் 160 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையுள்ள, மூக்கு மழுங்கிய, நீளமான குண்டு. இந்தச் சின்னத் தோட்டாவை வைத்து டபிள்யூ.டி.எம். பெல் என்ற வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் யானையே சுட்டார். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வளைந்து நெளியாமல் நேராக ஊடுருவும் நீளக் குண்டுக்கு அது சாட்சி. உற்பத்தி 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. வடிவம் நிற்கவில்லை, செக் நாட்டிலும் அமெரிக்காவிலும் அதே உருவத்தில் ரைஃபிள்கள் வந்துகொண்டே இருந்தன.

மரத்தை ஏன் மூக்குவரை இழுத்தார்கள்? மலை வேட்டைக்காக. ஆல்ப்ஸில் ஏறும்போது துப்பாக்கி பாறையில் உரசும், ஊன்றுகோலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும், உறைபனியில் வெறும் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். இதெல்லாம் உண்மையான காரணங்கள். அழகும் ஒரு காரணம் என்பதை மறைத்துப் பயனில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வடிவம் புதிதும் அல்ல. காவல் நிலையங்களில் நெடுங்காலம் இருந்த .303 ரைஃபிளை நினைத்துப் பாருங்கள். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டு. அதுவும் மூக்குவரை மரம்தான். அந்த வகைத் துப்பாக்கியில் குழலும் மரமும் எப்படித் தொட வேண்டும் என்பதைப் பிரிட்டிஷ் ராணுவ ஆர்மரர்கள் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்கள்) விதியாகவே வைத்திருந்தார்கள். பழைய மாதிரியில் குழலின் முன்பக்கம் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளை குழலை மேலே தாங்கும். பிறகு வந்த நான்காம் எண் மாதிரியில் முன்கட்டையின் முனையே குழலைச் சில பவுண்டு அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளும்படி மரத்தைப் பொருத்தினார்கள். அந்த அழுத்தம் போய்விட்டால் துப்பாக்கியைத் திரும்பப் பொருத்தக் கொடுத்துவிடுவார்கள். ஆக, மரம் குழலைத் தொடுவதே பாவம் என்று இல்லை. தொடுவது யாரும் தீர்மானிக்காத இடத்தில், நாளுக்கு ஒரு மாதிரி என்றால்தான் கேடு.

எவ்வளவு தொட்டால் எவ்வளவு நகரும்? இதை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. 100 மீட்டரில் ஒரு கோண நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 2.9 செ.மீ. அரை மீட்டர் நீளக் குழலை ஒரு முனையில் இறுகப் பிடித்த கம்பியாக வைத்துக்கொண்டால், குழல்வாயை 0.1 மி.மீ. பக்கவாட்டில் தள்ளினாலே அதன் வாய் அந்த ஒரு நிமிடம் அளவுக்குத் திரும்பிவிடும். 0.1 மி.மீ. என்பது ஜெராக்ஸ் கடையில் போடும் சாதாரண ஏ4 தாளின் தடிமன். ஸ்டுட்சன் குழல் ஒல்லியானது என்பதால் அந்தத் தள்ளலுக்குச் சில நூறு கிராம் விசை போதும். ஒரு மீட்டர் நீள வால்நட் கட்டை ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும்போது அதைவிடப் பல மடங்கு விசையைச் சிரமமே இல்லாமல் கொடுக்கும்.

மரம் எப்படி நகரும் என்பது ஆசாரிகளுக்கு நன்றாகத் தெரியும். பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் வால்நட் ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே சுமார் 5 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் 7 சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காய்ந்து பதப்பட்ட கட்டையில் இந்த அசைவு ரொம்பக் குறைந்துவிடும், ஆனால் நிற்காது. ஐப்பசி மழையில் வாசல் கதவு நிலையோடு இறுகி, தை மாதம் தானாகத் தளருமே, அதேதான். ரேகை நேராக ஓடும் கட்டை ஊதினாலும் ஒரே சீராக ஊதும். ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறும் கட்டை வளையும். அரைக்கட்டை ரைஃபிளில் முன்கட்டை 25 செ.மீ.யில் முடிந்துவிடுவதால் கொஞ்சம் வளைந்தாலும் குழலை எட்டாது. முழுக்கட்டையில் வளைவு முழுவதும் போய்ச் சேருவது குழல்வாய்க்குப் பக்கத்தில், அதாவது குழலுக்கு வலு மிகக் குறைவான இடத்தில்.

சூடும் சேர்ந்துகொள்ளும். இரும்பு சூட்டில் நீளும். அரை மீட்டர் குழல் 60 டிகிரி சூடேறினால் 0.36 மி.மீ. நீளும். அதற்குள் மரம் சூடாகியே இருக்காது. முனையில் உள்ள பூண் குழலை நெருக்கமாகப் பற்றிக்கொண்டிருந்தால் குழல் நீள இடமில்லாமல் வளையப் பார்க்கும். என் ரைஃபிளில் நான்காவது குண்டு ஏறியதற்கு இதுதான் காரணம் என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தை மட்டும் வைத்து உளியை எடுக்கக் கூடாது.

ஏனென்றால் பல "துல்லியப் பிரச்சினை"கள் கட்டைக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வளையத் திருகு தளர்ந்திருக்கும். ஸ்கோப் மவுண்டின் அடிப்பலகைத் திருகு தளர்ந்திருக்கும். குழலுக்குள் செம்பு படிந்திருக்கும். அம்மோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி நீலமாக வெளியே வந்தால் இன்னும் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். குழல்வாயின் விளிம்பில், அதாவது கிரௌனில், ஒரு பொடி நசுங்கல் இருந்தாலும் குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி அதைத் தட்டிவிடும். மலையில் அடிபடும் துப்பாக்கிக்கு இது சகஜம். இதையெல்லாம் பார்த்த பிறகு, வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

அதன் பிறகு காகிதம். ஏ4 தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று வெட்டிக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. முழுக்கட்டையில் பூண் வழியை மறிப்பதால் அது அவ்வளவு லேசாக முடியாது. பூணைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். கீற்று நடுக்கட்டை வரை சுகமாகப் போய்ப் பின்வாங்கியது. முனைக்கு ஒரு கை அகலம் முன்னால், இடப்பக்கம் கீழே, பிடித்துக்கொண்டது. ஆக்‌ஷனைக் கழற்றிக் கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே இடத்தில் மரம் கறுத்துப் பளபளவென்று இழைந்திருந்தது. ஒரு பெருவிரல் நக அளவு. இடப்பக்கம் கீழே மரம் தள்ளினால் குழல் வலப்பக்கம் மேலே போகும். குண்டுகள் போன திசையும் அதுதான்.

இன்னொரு சோதனை, இது எனக்குத் தொழில் பழக்கத்தில் வந்தது. காந்த அடி வைத்த டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவியை)க் குழலில் உட்காரவைத்து, அதன் முள் முன்கட்டையைத் தொடும்படி வைத்து, ஆக்‌ஷன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல பொருத்தம் என்றால் முள் 0.05 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. என்னுடையதில் பின்திருகைத் தளர்த்தியதும் முள் அதைப்போல் பல மடங்கு துள்ளியது. அதாவது ரிசீவர் (குழல் திருகியிருக்கும் இரும்பு உடல்) தட்டையாக உட்காரவில்லை. திருகை இறுக்கும்போது வில்லாக வளைந்து நிற்கிறது. முனையில் மரம் தள்ளுவது ஒரு நோய், அடியில் ரிசீவர் வளைவது இன்னொரு நோய். முன்னதை மட்டும் சரிசெய்திருந்தால் பாதி குணம்தான் ஆகியிருக்கும்.

இங்கே சட்டம் ஒரு வரி. ஜெர்மன் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியில் வேலை செய்ய அனுமதி வேண்டும். ஆனால் கட்டையிலும் குறிபார்க்கும் கருவியிலும் செய்யும் சிறு மாற்றங்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மரத்தை நானே தொட்டேன். கிரௌனைச் சரிபார்ப்பது உட்பட குழல் சம்பந்தப்பட்ட எதையும் உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்தேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசீவருக்குச் செய்வது பெட்டிங். இரும்புத்தூள் கலந்த எப்பாக்ஸியை மரத்தில் நிரப்பி, அதன் மேல் ரிசீவரை உட்காரவைத்து, அதன் அச்சிலேயே இறுகவிடுவது. ரிசீவரின் அடியில் தடித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முளை உண்டு, ரிகாயில் லக். சுடும்போது வரும் உதை முழுவதையும் கட்டைக்குக் கடத்துவது அதன் பின்முகம்தான். அந்தப் பின்முகம் மட்டும் எப்பாக்ஸியோடு முழுசாகப் படிய வேண்டும். முன்முகம், பக்கங்கள், அடிப்பாகம் இவற்றில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் பிறகு டேப்பை உரித்ததும் அங்கே மெல்லிய இடைவெளி கிடைக்கும். இல்லையென்றால் ஆக்‌ஷனைக் கழற்றுவதே போராட்டம். எப்பாக்ஸி ஒட்டக் கூடாத இடமெல்லாம் ஷூ பாலிஷ் மெழுகு; ஓட்டைகளிலும் திருகுப் புரிகளிலும் குழந்தைகள் விளையாடும் களிமண். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு இடம் விட்டுப்போனாலும் மரமும் இரும்பும் நிரந்தரக் கல்யாணம் செய்துகொண்டுவிடும்.

திருகு போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை நிறுத்தினேன். மரம் நேரடியாகத் திருகின் அழுத்தத்தைத் தாங்கினால் வருஷத்துக்கு வருஷம் நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கியது அடுத்த வருஷம் தளர்ந்திருக்கும். குழாய் இருந்தால் இரும்பும் இரும்பும் அலுமினியத்தின் மேல் சந்திக்கும், மரத்துக்கு வேலையில்லை. எப்பாக்ஸி இறுகும் வரை திருகுகளை முறுக்கக் கூடாது, அவை வழிகாட்டிகள் மட்டுமே. இப்போது முறுக்கினால் அந்த வளைவையே எப்பாக்ஸியில் வார்த்து வைத்துவிடுவோம். ரப்பர் குழாயால் லேசாகச் சுற்றிக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டால் போதும். அப்புறம் மேகசின் பெட்டி. ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே அது இறுகி நின்றால் செய்த பெட்டிங் எல்லாம் வீண். கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

எப்பாக்ஸி இறுகிய பிறகு டயல் கேஜ் முள் அசைந்தது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்தான். இறுக்குவது டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவியால்), குழாய் வைத்த மரக்கட்டைக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர். முன்திருகு முதலில், பிறகு பின்திருகு, பூணின் திருகு கடைசியில். ரூகர் 77 வகையில் முன்திருகு சாய்வாகப் போய் ரிசீவரைக் கீழேயும் பின்னேயும் ஒருசேர இழுக்கும். அதில் இந்த வரிசை இன்னும் முக்கியம்.

இனி முன்கட்டை. இதில் மூன்று கட்சிகள் உண்டு. ஒன்று, சேம்பருக்கு (குழலில் தோட்டா உட்காரும் அறைக்கு) முன்னால் சில செ.மீ. தவிர குழல் எங்குமே மரத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. இரண்டு, குழலின் நீளம் முழுவதும் எப்பாக்ஸி வார்த்து ஒரே சீராகத் தொடவைப்பது. மூன்று, முனையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெரிந்த அழுத்தம் கொடுப்பது, .303-க்குச் செய்தது போல. இரண்டாவது கட்சியில் பெரிய கைகாரர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒல்லிக் குழலும் ஈரம் குடிக்கும் நீளக் கட்டையும் சேர்ந்த இடத்தில் அதை நான் நம்பத் தயாரில்லை; கட்டை வளைந்தால் குழலையும் கூடவே அழைத்துப் போகும்.

முதல் கட்சியைப் பின்பற்றிக் குழல் வாய்க்காலை அகலப்படுத்தினேன். வட்டக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, இரண்டு பக்கமும் சமமாக, பொறுமையாக. ஒரு பக்கம் மட்டும் மரத்தை எடுத்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து கட்டை மறுபக்கம் வளையக்கூடும். அதனால் கொஞ்சம் எடுத்து, சில நாள் அறையில் சும்மா வைத்து, திரும்ப அளந்து, பிறகு எடுப்பது நல்லது. முடிவில் குழலைச் சுற்றி 1 மி.மீ. இடைவெளி. பார்வைக்கு இது கொஞ்சம் உறுத்தும். கச்சிதமாகக் குழலை அணைத்து நிற்கும் மரம்தான் இந்தத் துப்பாக்கியின் அழகே என்பவர்களுக்கு மனசு வராது. எனக்கும் வரவில்லை, ஆனாலும் செய்தேன்.

பூண் தனிக் கதை. பல முழுக்கட்டைகளில் அது குழலை வளையமாகச் சுற்றி நிற்கும். அதன் உள்வட்டத்தை அரத்தால் பெரிதாக்கி, பூண் மரத்தை மட்டும் பிடிக்கும்படியும் குழலைத் தொடாதபடியும் செய்தேன். விளக்குக் கரியைக் குழலில் மெல்லிசாகப் பூசி, பூணை மாட்டி, கழற்றி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் அராவி, மறுபடி மாட்டி. இந்த ஒரு வேலைதான் மொத்தத்திலும் அதிக நேரம் தின்றது. பலனும் இதில்தான் அதிகம்: நான்காவது குண்டும் ஐந்தாவதும் ஏறுவது அதோடு நின்றது.

இப்போது அந்த முரண்பாடு. வேலை முடிந்து சுட்டபோது ஐந்து குண்டுகள் 4 செ.மீ. சொச்சத்தில் விழுந்தன. மூன்றாவது கட்சியையும் பார்த்துவிடலாம் என்று, முனையில் குழலுக்கு அடியே விசிட்டிங் கார்டை மடித்துச் சொருகி, லேசான மேலழுத்தம் கொடுத்துச் சுட்டேன். குரூப் 3 செ.மீ.க்கு இறங்கிவிட்டது. அழகான தாள். சட்டமிட்டு மாட்டலாம். ஆனால் கட்டையை இரண்டு நாள் குளியலறையில், வெந்நீர் ஆவிக்குப் பக்கத்தில் வைத்திருந்துவிட்டுச் சுட்டால், சின்ன குரூப் அப்படியே சின்னதாகவே இருந்தது, இருந்த இடம்தான் 5 செ.மீ. மேலே. கார்டை எடுத்துவிட்டுச் செய்த அதே சோதனையில் இடம் மாறவில்லை. ஒல்லிக் குழல் அதிர்வதை அந்த அழுத்தம் அடக்குகிறது, ஆகவே குரூப் சிறுக்கிறது. அதே அழுத்தத்துக்கு மரத்தின் ஈரமும் ஒரு கை கொடுக்கிறது, ஆகவே இடம் மாறுகிறது. கார்டு குப்பைக்குப் போனது. ரோ மானின் (ஐரோப்பாவின் சிறிய மானின்) நெஞ்சுப் பகுதியில் 10 செ.மீ. வட்டம் வைத்துச் சுடும் ஒருவனுக்கு அந்த ஒரு செ.மீ. லாபத்தால் ஆவது ஒன்றுமில்லை.

ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பது அடுத்த வேலை. வெளிப்பக்கம் மினுமினுவென்று எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், உள்ளே வாய்க்காலைப் பார்த்தால் பூச்சே இல்லாத வெறும் மரம். ஈரம் மிக வேகமாக நுழைவது ரேகை முடியும் வெட்டுமுகங்கள் வழியாக: பூணின் உள்பக்கம், பின்தகட்டின் அடி, மேகசின் குழியின் முன்னும் பின்னும். இந்த இடங்களுக்கெல்லாம் நீர்த்த எப்பாக்ஸியை மூன்று பூச்சு கொடுத்தேன். ஆளிவிதை எண்ணெய் அழகுக்குச் சரி. நீராவியைத் தடுப்பதில் அதன்மேல் நம்பிக்கை வைக்க முடியாது.

குட்டைக் குழல் துல்லியத்தைக் கெடுக்கும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். வேகம் குறையும், அவ்வளவுதான். தடிமன் ஒன்றாக இருந்தால் குட்டைக் குழல்தான் விறைப்பு. குண்டு மட்டும் குழலின் முறுக்குக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் வரிகளுக்கு, பொருந்த வேண்டும். இங்கே சில மாநிலங்களில் ஈயம் இல்லாத குண்டு கட்டாயம். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், நீளக் குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். 6.5×55 குழல்களில் வழக்கமாக உள்ள 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று 120 கிரெயின் செம்புக் குண்டைத் தாராளமாக நிலைப்படுத்தும். சில வகைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டு, பிடித்த ஒன்றில் நின்றுவிட்டேன்.

குரூப் அளப்பதில் ஒரு எச்சரிக்கை. மூன்று குண்டு சுட்டு, நாணயத்தை மேலே வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, துப்பாக்கி மாறாமலே, குரூப் பெரிதாகும். சராசரியில் மூன்று குண்டுக்கு 2.4 செ.மீ. காட்டும் ரைஃபிள் ஐந்து குண்டுக்கு 3.1-ம் பத்துக்கு 3.8-ம் காட்டும், இது வெறும் புள்ளியியல். ஒல்லிக் குழலில் பத்தைத் தொடர்ந்து சுட முடியாது, சூடு குழப்பிவிடும். அதனால் சுடுதளத்துக்குப் போகும்போதெல்லாம் குளிர்ந்த குழலில் முதல் குண்டை ஒரு தனித்தாளில் சுடுகிறேன். எப்போதும் அதே தாள். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த தடவை எடுத்துப் போவது. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் தேதியும் வெப்பநிலையும் பென்சிலில். கோடைத் துளைகளும் மூடுபனிக்காலத் துளைகளும் இப்போது கலந்தே கிடக்கின்றன, எது எந்த மாதம் என்று எழுத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. மொத்தம் 6 செ.மீ.க்குள். பக்கத்து மேசைக்காரர் இதைவிடச் சின்னது சுடுவார், சுடட்டும்.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "எதுக்குங்க இத்தனை பாடு, பிளாஸ்டிக் கட்டை ஒண்ணு வாங்கி மாட்டிட்டா ஆச்சுல்ல?" அவர் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் கேள்வி சரியானது. மாட்டினால் மேலே எழுதியதில் பாதிக்கு வேலையே இல்லை. குறி நகர்வது மட்டும்தான் கவலை என்றால் அப்படியே செய்யுங்கள் என்பேன்.

முழுக்கட்டையோடுதான் போவேன் என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று மிச்சம். மரம் குழலைத் தொடாமல் நிற்பதால் முன்கட்டையின் முனை இப்போது தானாகவே வளையக்கூடியது. வேட்டைக்கு ஏறி உட்காரும் மேடைக் கூண்டின் கைப்பிடிக் கட்டையில் முனையை ஊன்றினால், அல்லது முன்வளையத்தில் மாட்டிய வாரைக் கையில் சுற்றி இறுக்கினால், மரம் வளைந்து குழலைத் தொட்டுவிடும். செய்த வேலையெல்லாம் அந்த ஒரு குண்டுக்கு இல்லாமல் போகும். மேகசினுக்குச் சற்று முன்னால், கட்டை தடிமனாக இருக்கும் இடத்தில்தான் தாங்க வேண்டும், சுடுதளத்தில் மணல்மூட்டை வைப்பதும் அங்கேயே. பூணின் திருகு நேராக மரத்தில் இறங்கும் வகை என்றால், கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடி தளரும். என்னுடையது தளர ஆரம்பித்துவிட்டது. வசந்த வேட்டைக்கு முன்னால் அந்தத் துளையில் ஒரு பித்தளைப் புரி வைத்து எப்பாக்ஸியால் ஒட்ட வேண்டும்.